ரிவர்ஸ் இல்லாத குளிர்காலம்

நவம்பர் பதினொன்றாம் தேதி
எங்கள் டிரக் பின்னால் போவதை நிறுத்திக்கொண்டது.
முன்னால் போகும், முனகிக்கொண்டாவது.
ரிவர்ஸில் தள்ளினால் மட்டும்
இன்ஜின் உறுமும், சக்கரம் சும்மா நிற்கும்,
கூப்பிட்டது காதில் விழாத ஆள் மாதிரி.

அன்றிலிருந்து
மளிகைக்கடையில் கடைசி வரிசை,
எதிர்ப்பக்கமும் காலியாயிருக்கும் இடம்.
வங்கிக்கு நடை.
நான் வேலை செய்யும் பள்ளிச் சமையற்கூடத்தின் பின்னால்
குப்பைத்தொட்டிகளைச் சுற்றி ஒரு வட்டம்.
வீட்டிலோ
எங்கள் டயர்களே பனியில் போட்ட வளையம்,
கொட்டகையை வலம் வந்து
வாசலுக்கே திரும்பும்.

டெல்பர்ட் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தான்.
ஸ்க்ரூடிரைவரால் அடிச்சட்டத்தைத் தட்டினான்.
டங். டங். டங். அடுத்த தட்டில்
சத்தமே இல்லை, முனை உள்ளே போய்விட்டது.
இருபத்து மூன்று குளிர்காலத்துச் சாலை உப்பு
தின்றது போக மிச்சமிருந்தது
பெயின்ட்.
கியர்பாக்ஸுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு டாலர்,
சட்டத்துக்கு ஒட்டுப்போட தொள்ளாயிரம்,
"என் கூலியைச் சேர்க்காமல் சொல்கிறேன்" என்றான்.
இப்படியே விற்றால் என்ன வரும் என்று கேட்டோம்.
துணியில் கை துடைத்தான்,
துடைத்துக்கொண்டே இருந்தான்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
ஆர்விட் அதை ஒப்புக்கொள்ளவில்லை.
மின்கட்டண உறையின் முதுகில் கூட்டினான், அடித்தான்,
மறுபடி கூட்டினான்.
இஷ்பெமிங்கில் ஒரு பல் டாக்டரின் எஸ்யூவி,
ஒரு லட்சத்து முப்பதாயிரம் மைல் ஓடியது, ஆறாயிரத்து ஐந்நூறு.
"அதில் பிளைவுட் பலகை நுழையாது."
கடைசியாக எப்போது பிளைவுட் ஏற்றினோம் என்றேன்.
"ஏற்றலாம் என்று இருக்கிறதே" என்றான்.
அந்த வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை,
இன்றும் இல்லை.

ஜனவரியில், காட்டுக்குள் போகும் ஒற்றைச் சாலையில்
லாய்டின் பனியகற்றும் வண்டி எதிரே வந்து நின்றது.
இருபுறமும் என் தோளுயரப் பனிச்சுவர்.
இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான்.
"பின்னால் எடு, மார்லிஸ்."
எடுக்க முடியாது என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.
ஏறி உட்கார்ந்து
கவுன்ட்டியின் அத்தனை டன் மஞ்சள் இரும்பையும்
அரை மைல் பின்னால் நகர்த்தினான்,
விளக்கு சுழல, பீப் பீப் என்று
என் வெட்கத்தைத் தேவதாரு மரங்களுக்கெல்லாம்
அறிவித்தபடி.
நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே
முன்னால் போனேன். எனக்குத் தெரிந்த ஒரே திசை.

சனிக்கிழமை இஷ்பெமிங் போனோம். டிரக்கில்தான்.
ஆர்விட் டேப்பை இழுத்து எஸ்யூவியின் பின்புறத்தை அளந்தான்,
குறுக்கே ஒரு முறை, மூலைக்கு மூலை ஒரு முறை,
மூலைவாட்டில் பலகை நீண்டுவிடும் என்பதுபோல.
உள்ளே நாய் வாசம்.
இருக்கையில் சூடு,
யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி.
ஓட்டிப் பாருங்கள் என்றார் டாக்டர்.
சாலைக்குப் போயிருக்க வேண்டும்.
நான் ரிவர்ஸில் போட்டேன்.

போனது.
கிளினிக்கின் வாகன நிறுத்தம் முழுக்கப் பின்னால் போனேன்,
திருப்பி, மறுபடியும் பின்னால்,
விளக்குக் கம்பத்தை வளைத்து ஒரு எட்டுப் போட்டேன், அதுவும் பின்னால்.
கோட்டுப் பைகளில் கைவிட்டு நின்ற டாக்டர்
என்ன நினைத்தாரோ.
முன்கண்ணாடியில் ஆர்விட் சிறுத்துக்கொண்டே போனான்,
கையில் மூடாத டேப், காற்றில் அதன் மஞ்சள் நாக்கு
நடுங்கிக்கொண்டிருந்தது.
எனக்கு ஐம்பத்தெட்டு வயது.
வாய்விட்டுச் சிரித்தேன், கண்ணாடிகள் ஏற்றியிருந்தன,
யாருக்கும் கேட்டிருக்காது.

யோசித்துச் சொல்கிறோம் என்றான் ஆர்விட்.
திரும்பும் வழியெல்லாம் ஹீட்டரின் இருமல்தான் பேச்சு.
கொட்டகையைச் சுற்றி வந்து நின்றோம்.

காலையில் எழுந்தபோது அவன் பக்கம் காலி.
வெளியே மண்வெட்டிச் சத்தம்.
வளையத்தின் மேல் இரவு விழுந்த பனி
அப்படியே கிடந்தது, அவன் அதைத் தொடவில்லை.
வாசலிலிருந்து சாலைவரை
நேராக ஒரு பாதை வெட்டிக்கொண்டிருந்தான்,
நடக்க வேண்டிய அகலத்தைவிட
மிகவும் அகலமாக.

காபி போட்டேன்.
எதற்கு என்று கேட்கவில்லை.