நூற்று எண்பது டிகிரி

ஆயிரத்து ஐந்நூறு டிகிரிக்கு
நேருக்கு நேர் நின்றவன்
சமையலறைத் தரையில் குந்தி
அடுப்பின் கண்ணாடிக் கதவுக்குள் எட்டிப் பார்க்கிறான்.
"வெந்துவிட்டதா?"
என்னிடம் கேட்கிறான்.
எனக்கென்ன தெரியும்?
இருபத்தாறு வருஷம் கடை ரொட்டிதான் தின்றோம்.

உருக்காலையில் உலை அணைந்த செப்டம்பரில்
கெத்தின் மூன்று நாள் வாய் திறக்கவில்லை.
அங்கே அணைந்தால் என்ன,
இங்கே உலை வைத்துத்தானே ஆக வேண்டும்?
நான் ஸ்வான்சி பஸ் பிடித்து வேலைக்குப் போய் வந்தேன்.
நாலாம் நாள்
ஆறிப்போன தேநீரைக் கொட்டப் போனேன்;
கையைப் பிடித்தான்.
"இதில் உலர்திராட்சையை ஊறப்போட வேண்டுமாம்."
யார் சொன்னது?
மாவுப் பொட்டலத்தின் முதுகில் அச்சடித்திருந்தது.

வெண்ணெய் கிடையாது. முட்டை ஒன்றே ஒன்று.
பாரா ப்ரித், புள்ளி விழுந்த ரொட்டி.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டான்:
துண்டு ஒன்றுக்குப் பதினோரு பென்னி,
மின்சாரம் சேர்த்தால் பதினெட்டு.
சேர்க்காதே என்றேன்.
சேர்த்தான். அப்படியான ஆள்.

முதல் ரொட்டி செங்கல்.
இரண்டாவதன் நடுவே
ஈர மணலில் யாரோ உட்கார்ந்து எழுந்த பள்ளம்.
மூன்றாவதை எடுக்கும்போது
பிடித்துணியில் ஈரம் இருந்திருக்கிறது,
ஆவி அடித்து இரண்டு விரல் கொப்பளித்துவிட்டது.
அந்த நரகத்தில் இத்தனை வருஷம்
ஒரு தழும்பு வாங்காத கை!
சிரித்துவிட்டேன்.
அவனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

அன்றிரவு மாடியிலிருந்து
வெள்ளி பூசிய வேலை அங்கியை இறக்கி வந்தான்.
திருப்பிக் கொடுத்திருக்க வேண்டியது;
அவர்களும் கேட்கவில்லை, இவனும் கொடுக்கவில்லை.
சமையல் கத்தரிக்கோல் பல்லை இளித்தது.
தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டினான்.
பழைய காலண்டர் தாளில் கையை விரித்து வைத்து
சுற்றிலும் பென்சிலால் கோடிழுத்தான்,
மாப்லி ஐந்து வயதில் பள்ளியில் செய்ததுபோல.
உள்ளங்கைக்கு வெள்ளித் துணி,
புறங்கைக்கு நாய் கடித்த போர்வை,
ஓரத்துக்கு என் இரவு உடையின் பூப்போட்ட கரை.
நாலு ஊசி உடைந்தது.
அதையும் ரசீதில் எழுதினான்.

ஒரு அங்கிக்கு ஒன்பது கையுறை.
முதுகில் இருந்த அவன் எண்
பாதியாகி இரண்டு கைகளுக்குப் போனது.

சனிக்கிழமை சேப்பல் கூடத்தில் மேசை போட்டோம்.
பக்கத்து மேசையில்
முட்டை அட்டையில் செய்த பெங்குவின்கள்,
ஜாம் பாட்டில் விளக்குகள்.
எங்கள் ரொட்டி பதினொரு மணிக்குள் தீர்ந்தது.
கையுறையை யாரும் தொடவில்லை.

இட்வால் வந்தான். அதே உலையின் வாய் திறந்தவன்.
ஒன்றை எடுத்தான், மோந்தான்,
கையை நுழைத்து மூடித் திறந்தான்.
கட்டைவிரலுக்குக் கீழே
தீப்பொறி விழுந்த கரும்பொட்டு.
"மார்ச். இரவு ஷிப்ட்."
"ஏப்ரல்," என்றான் கெத்தின்.
நெடுநேரம் அவ்வளவுதான் பேச்சு.

பிறகு இட்வால் இன்னொன்றை எடுத்தான்,
அப்புறம் இன்னொன்று.
"என்னப்பா, எல்லாமே இடது கை?"

ஒன்பதையும் விரித்துப் பார்த்தோம்.
உண்மைதான்.
பென்சில் பிடித்தது வலது கை,
தாளில் கிடந்தது இடது.
பெங்குவின் மேசைக்காரி சிரித்த சிரிப்பில்
ஒரு பெங்குவின் கீழே விழுந்தது.
கெத்தினின் காது சிவந்தது.
நான் சில்லறை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

இட்வால் ஒன்றுக்குக் காசு கொடுத்தான்,
மீதி வாங்கிக்கொண்டான்,
கையுறையைக் கழற்றாமலே வாசல்வரை போய்த் திரும்பி
"என்னுடையது படிக்கட்டுக்கு அடியில் கிடக்கிறது.
வலது கைக்கு ஆகும்," என்றான்.

செவ்வாய் காலை பால் எடுக்கக் கதவு திறந்தேன்.
படியில் கறுப்புக் குப்பைப் பைகள், ஐந்து.
சீட்டு ஏதும் இல்லை.
ஒன்றின் கிழிசலில்
வெள்ளியாக மழை ஓடிக்கொண்டிருந்தது.

கெத்தின் தூங்கட்டும்.
தேநீரை இன்று இரண்டு கெட்டில் போட வேண்டும்.
ஊசியும் வாங்க வேண்டும்,
கனமான ரகம்.