நோக்கம் என்ற கட்டம்

கொப்பியின் முதல் பக்கத்தில்
மூன்று கட்டம் கீறி வைத்திருக்கிறேன்:
பெயர், நேரம், நோக்கம்.
மூன்றாவதை அவரவரே எழுதவேண்டும்.
பென்சிலால்தான், ஏனென்றால் மாறும்.

வங்கி ஷியாமினி எழுதினாள்:
'வீட்டுச் சத்தத்தை விடப் பெரிய சத்தம்.'
மருதானை பஸ்லான்
ஐந்தாம் தரச் சோதனை என்று எழுதி, அழித்து,
டோஹா ஹோட்டல் என்று மாற்றினான்.
லொபியில் ஒருவரும் திரும்பிப் பார்க்காதபடி
நாற்பது நிமிடம் ஊத
அவனைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.
அது லேசில்லை.

டெஸ்மண்ட் சவரிமுத்து, கொட்டாஞ்சேனை.
காப்புறுதிக் கம்பனியில் கணக்கு.
செவ்வாய் ஆறரை.
நோக்கம்: 'வாசிக்கத் தேவையில்லை.'

'டெலிட்ராமா, மிஸ். ஹோட்டல் சீன்.
கதாநாயகி அழுவாங்க, பின்னால நான் நிப்பேன்.
சத்தத்த அவங்க பிறகு போட்டுக்குவாங்க.
வெரல் மட்டும் பிழைக்கக் கூடாது.
தெரிஞ்ச ஆள் ஒருத்தர் சரி பாப்பாரே.'

என்ன பாட்டு என்றேன்.
டைரக்டர் இன்னும் யோசிக்கிறாராம்.

விரலுக்கும் ஏதாவது ஒன்று வேண்டுமே.
எட்டு பார் எழுதிய தாளைக் கொடுத்தேன்.
'கேள் இல்ல, பார்' என்று
அவரே பகிடி விட்டு அவரே சிரித்தார்.
யார் எழுதியது என்று கேட்கவில்லை.
பயிற்சி என்று நானும் சொல்லிவிட்டேன்.

ஆறு செவ்வாய்கள் ஊதாமல் வாசித்தார்.
ஹம்டன் ஒழுங்கை, மூன்றாம் மாடி;
கீழ்வீட்டு மிஸிஸ் அபேவர்தன
அந்த நாட்களில் ஒருதரமும் மேலே ஏறிவரவில்லை.
மெத்தைகள் துளைகளில் விழும் சத்தம் மட்டும்,
ஈரக் கால்கள் சீமெந்தில் நடப்பது மாதிரி.
மாத்தறை ரயில் போகும், ஜன்னல் அதிரும்,
அவர் நிறுத்தமாட்டார்.

என் சாக்ஸபோனில் ஜி ஷார்ப் ஒட்டிக்கொள்ளும்.
கடற்காற்று, வேறென்ன.
இருபது ரூபாத் தாளை அடியில் வைத்து இழுத்தால்
அரைமணி தாங்கும்.
பிறகு இடக்கைச் சுண்டுவிரலால் இரண்டு தட்டு.
அதையும் அவர் பழகிக்கொண்டார்.
அது தாளில் இல்லை என்று
சொல்ல மறந்துபோனேன்.

கன்னம் உப்பக்கூடாது, தோள் உயரக்கூடாது,
மூச்சு எடுக்கிற இடத்தில் எடுங்கள்,
எடுத்ததை உள்ளே விடாவிட்டாலும் பரவாயில்லை.
ஒருநாள் மறந்து விட்டுவிட்டார்.
வாத்து மாதிரி ஒன்று வெளியே வந்தது.
இரண்டு பேரும் கதவைப் பார்த்தோம்.
'சொரி மிஸ்' என்றார்.
சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்ட மாணவர்
எனக்கு அவர் ஒருவர்தான்.

ஒளிபரப்பான இரவு
கதாநாயகி நன்றாகத்தான் அழுதாள்.
பின்னால் கீபோர்டில் எடுத்த சாக்ஸபோன்,
எங்கேயும் மூச்சு வாங்காத சாக்ஸபோன்.
மெத்தைக்கடியில் ரிமோட்டைத் தேடியெடுத்து
ஒலியை அணைத்தேன்.

அவள் தோளுக்கும் பூச்சாடிக்கும் நடுவே
டெஸ்மண்ட், கறுப்பு கோட்,
வாடகைக்கு எடுத்த பளபளப்பான வேறொரு வாத்தியம்.
அதன் மேல் என் எட்டு பாரும் போய்க்கொண்டிருந்தன,
ஒருவருக்கும் வாசித்துக் காட்டாத எட்டு.
இடையில் அவள் கண்ணீருக்கு வெட்டினார்கள்.
காலால் எண்ணிக்கொண்டிருந்தேன்;
திரும்பி வந்தபோது
இருக்கவேண்டிய இடத்தில் விரல் இருந்தது.

ஆறாவது பாரில்
சுண்டுவிரல் இரண்டு தரம் தட்டியது,
ஒட்டாத சாவியை.

பத்து நிமிடத்தில் செய்தி வந்தது:
'சரியா இருந்திச்சா மிஸ்?'
ஐந்தாம் பாரில் கொஞ்சம் அவசரம் என்று அனுப்பினேன்.
நீல அடையாளம் விழுந்தது.
டைப் செய்கிறார்.
நிறுத்துகிறார்.
டைப் செய்கிறார்.