மூன்றாம் பக்கம்

முதலில் உர்ரென்று ஒரு யோசனை.
பிறகு கடகட.
நடுவில் ஒரு டொக்,
கோபத்தில் யாரோ சொம்பைக் கீழே வைத்ததுபோல.
பள்ளியில் படித்த இரட்டைக்கிளவி எதிலும்
முழுதாக அடங்காத சத்தம்.

"இப்போ தேங்கா துருவுது" என்பான் கவின்.
நான்கு வயது. கொட்டக்கொட்ட விழித்திருப்பான்.
ஒரு மணிக்கு,
"அம்மா, இப்போ லாரி."

மயூர் விஹார், மூன்றாவது மாடி, ஜூன்.
ஏசியை அணைத்தால் சுவர் கொதிக்கிறது.
போட்டால் சுவர் அதிர்கிறது.
இரண்டில் எது வேண்டும் என்று
குடிவரும்போது யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்காரம்மா சச்தேவா ஒருநாள்
மூச்சு வாங்க ஏறி வந்தார்.
காய்ச்சல் பார்ப்பதுபோல்
அதன் நெற்றியில் கை வைத்தார்.
இன்ஸ்பெக்ஷன் நாளில் எங்கள் பள்ளிக்கூடம் மாதிரி
அது வாய்பொத்தி நின்றது.

"உங்கள் ஊரில் சத்தமே கிடையாதோ?" என்றார்.
என் ஊர் கோயம்பேடு பஸ் நிலையத்தின் பின்புறம் என்பதை
நான் இந்தியில் கோத்து முடிப்பதற்குள்
இரண்டு மாடி இறங்கிவிட்டார்.
அவர் தலை மறைந்ததும்
டொக்.

மெக்கானிக் ஃபுர்கான் போனில் கேட்டான்:
"எப்படிச் சத்தம்? செய்து காட்டுங்கள்."
மெட்ரோவில், பெண்கள் பெட்டியில்,
யமுனைப் பாலத்தின் மேல்,
துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு
உர்ர்... கடகட... டொக்.
எதிரில் இருந்த கல்லூரிப் பெண்
ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனை எடுத்தாள்.
"டொக் எத்தனை நொடிக்கு ஒருமுறை?"
பதினொன்று.
எண்ணியிருக்கிறேன்.
அந்த நேரத்தில் வேறென்ன செய்வது.

ஞாயிற்றுக்கிழமை வந்து மூடியைக் கழற்றினான்.
மரச்சட்டத்துக்கும் தகரத்துக்கும் இடையிலிருந்து
ஒவ்வொன்றாக உருவித் தரையில் வைத்தான்:
நீல ரப்பர் செருப்பின் குதிகால்,
கத்தியால் அறுத்தது.
கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பாதி,
பெண் பெயர் மட்டும் மிச்சம், மோனாலி.
கோச்சிங் சென்டர் அடையாள அட்டை,
முகம் வியர்த்து அழிந்துபோயிருந்தது.
நான்காக மடித்த மின்கட்டண ரசீது.
"நான்கு குடித்தனம்" என்றான்.
ஆணி இருக்கவேண்டிய துளையில்
சுண்டுவிரலை விட்டுக் காட்டினான்.
அங்கே ஆணி இருந்ததே இல்லையாம்.

பேரிங்கும் போய்விட்டது. இரண்டாயிரத்து எண்ணூறு.
யார் தருவது?
"அக்ரிமென்டைப் பாருங்கள்" என்றார் சச்தேவா.
போனில் அவர் பின்னால்
அவருடைய ஏசி சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.
இல்லாத சத்தமும் இப்போது எனக்குக் கேட்கும்.

பார்த்தேன்.
மூன்றாம் பக்கம், ஒன்பதாவது ஷரத்து:
பொருள்கள் அனைத்தும் நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டன;
வாடகைதாரர் திருப்தியுடன் பெற்றுக்கொண்டார்.
கீழே என் கையெழுத்து,
நீல மையில்,
மிகத் திருப்தியாக.

"கெட்டியான காகிதம் ஏதாவது?"
ஸ்டூல் மேலிருந்து ஃபுர்கான் கை நீட்டினான்.
பச்சை லெட்ஜர் தாள்.
நல்ல கெட்டி.
எட்டாக மடித்துக் கொடுத்தேன்.

டொக் போய்விட்டது.
கடகட, கட என்று பாதியானது.
உர்ர் மட்டும் அப்படியே.
"அது அதன் சுபாவம்" என்று சொல்லி
இருநூற்றைம்பது வாங்கிக்கொண்டு போனான்.

இரவு கவின் கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டான்.
"தேங்கா தீந்துடுச்சா?"
"தீந்துடுச்சு."
அவனுக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை.
காலை என் வயிற்றின் மேல் போட்டுத் தூங்கிப்போனான்.
நான்தான் ஒன்பது, பத்து, பதினொன்று என்று வந்து
பன்னிரண்டுக்குப் போகத் தெரியாமல்
மறுபடி ஒன்றிலிருந்து.

காலி செய்கிற நாளில்
டெபாசிட் கணக்குப் பார்க்க உட்கார்ந்து
மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
மூன்றாம் பக்கம் எங்கே என்பார்.
இங்கேதான் இருக்கிறது என்பேன்,
நல்ல நிலையில்.