இடைவெளி இல்லாமல்

வக்கீல் கேட்டது ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
ஜி.எஸ்.டி. தனி.
பேரம் பேசுகிற இடம் இல்லை என்று தெரிந்தும்
கேட்டுப் பார்த்தேன்.
அவர் முகம் சுளிக்கவில்லை, குறைக்கவும் இல்லை.
கே.கே. நகரில் மாடி அறை.
என் நாற்காலிக்கு அடியில்
முன்னால் வந்துபோன யாரோ விட்டுச்சென்ற
குழந்தைச் செருப்பு, ஒற்றை.

பஸ்ஸில் முத்திருளன் கணக்குப் போட்டான்.
"ஒன்னோட ஏழு மாசச் சம்பளம்டி.
ஃபாரம் ரொப்புறதுக்கா?
ரேஷன் கார்டுக்கு யார் எழுதுனா, நாமதான.
பேங்க் லோனுக்கு யார் எழுதுனா?"
எங்கள் வார்டில் லாரன்சியா
தானே எழுதி, தானே அனுப்பி,
இப்போது பனியில் நின்று போட்டோ போடுகிறாள்.
சிம்மக்கல் ஏஜெண்டை நம்பிய அவள் தம்பிக்கு
மிஞ்சியது ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.
கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் நிற்க
நானும் சரி என்றேன்.

அன்று ராத்திரியே லேப்டாப்பைத் திறந்தோம்.
பெயர் என்கிற முதல் கட்டத்துக்கே கால் மணி நேரம்.
பாஸ்போர்ட்டில் அவன் ஒரு எழுத்து நீளம்,
டிப்ளமோவில் ஒரு எழுத்துக் குட்டை,
ஆதாரில் அவன் அப்பா
முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தார்.
சிரித்தோம்.
ஜெய்ஹிந்துபுரத்தில் கரண்ட் போய் வந்தது,
அதற்கும் சிரித்தோம்.

பிறகு அந்தப் பக்கம் வந்தது.
கடந்த பத்து வருடங்கள், மாதவாரியாக.
வேலை, படிப்பு, சும்மா இருந்தது எதுவானாலும்
இடைவெளி இல்லாமல் எழுதவும்.

என்னுடையது ஒரே வரி.
அண்ணா நகர் ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் பிரிவு,
சேர்ந்த தேதி, இன்று வரை.
பத்து வருடம் ஒரு வரிக்குள் மடங்கிப் படுத்துக்கொண்டது.
கொஞ்சம் குத்தத்தான் செய்தது.

அவனுக்கும் நானே தட்டினேன்.
கப்பலூரில் லேத், திருமங்கலத்தில் இன்னொரு லேத்.
நடுவில் பதினாறாம் வருடம் ஜூனிலிருந்து
அடுத்த ஏப்ரல் வரை
வெள்ளையாக ஒரு கட்டம்.

"எங்க இருந்த?"
ஃபேன் ரெகுலேட்டரைத் திருகினான்.
"ஊர்லதான்."
"ஊர்ல என்ன?"
"சும்மாதான் இருந்தேன்."
அடுத்த கேள்வி திரையில் தானாக வந்து நின்றது.
எந்த நாடாவது உங்களை
வெளியேறச் சொன்னதுண்டா?
அவன் தண்ணீர் குடிக்கப் போனான்.
செம்பு நிறையும் சத்தம்,
வழிந்த பிறகும் கேட்டது.

காலையில், பல் தேய்த்தபடி,
நுரை வாயோடு சொன்னான்:
"வக்கீலே வச்சுக்குவோம்."
நான் ஏன் என்று கேட்கவில்லை.
ஒரு லட்சத்து நாற்பதாயிரம்
எதற்கான விலை என்று
அப்போதுதான் பிடிபட்டது.
முதலில் வேறு யாரிடமாவது
சொல்லிப் பார்ப்பதற்கு.

இரண்டாம் தடவை என்னை வெளியில் உட்காரச் சொன்னான்.
ஐம்பது நிமிடம்.
அந்தச் செருப்பை யாரோ எடுத்து
ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார்கள்.
கதவைத் திறந்து வக்கீல்தான் வந்தார்.
"மெயின் அப்ளிகண்ட் நீங்கம்மா.
மறைச்சு எழுதினா
உங்க பேர்லயும்தான் விழும்.
விளக்கக் கடிதம் வச்சிருக்கோம்.
படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவனுடைய பதினோரு மாதம்
மூன்று பக்கம் வந்திருந்தது.
இங்கிலீஷில் அவன் யாரோ மாதிரி இருந்தான்.
மலேசியா என்று ஆறு இடத்தில்,
முகாம் என்று நான்கு இடத்தில்,
ஒரு இடத்தில் தேதியோடு
மொட்டை அடிக்கப்பட்டது என்று.
பெண் பார்க்க வந்த அன்று
அவனுக்கு முடி குட்டையாக இருந்தது.
பழனிக்கு நேர்த்திக்கடன் என்று
அத்தை சொன்னது ஞாபகம் வந்தது.

பஸ் ஸ்டாப்பில் வெயில்.
எங்கள் பஸ் வந்தது, ஏறவில்லை.
"படிச்சியா?" என்றான்,
ரோட்டைப் பார்த்தபடி.

"பேருக்கு ஸ்பெல்லிங்
சரியா போட்ருக்காங்க" என்றேன்.