ஆகஸ்டு அறிக்கை, மூன்றாம் மாடி

மிஸ்டர் லியோங்,
ஆங்கிலத்தில் கேட்டதை அனுப்பிவிட்டேன்:
வாய்ப்பு பிரகாசம், கையிருப்பை இரட்டிப்பாக்கலாம்.
இது மிச்சம்.
நீங்கள் படிக்கமாட்டாத மொழியில் இருப்பதால்
கொஞ்சம் உண்மையாக இருக்கும்.

பெட்டி நூற்று நாற்பத்தொன்பது வெள்ளி.
சவர்க்காரக் கட்டி அளவு.
உள்ளே விசிறி இல்லை, வட்டு இல்லை, சூடு இல்லை,
சொல்லப்போனால் விளையாட்டே இல்லை.
அது ஜொகூரில்
செம்பனை வெட்டிய நிலத்தில்
சன்னலில்லாத கட்டடம் ஒன்றில்
இரவுபகலாகக் குளிரில் ஓடுகிறது.
இம்பியில் நாம் விற்பது
அங்கிருந்து நீளும் ஒரு கயிறு.
மாதம் இருபத்தைந்து வெள்ளி கட்டும்வரை
யாரும் அறுக்காத கயிறு.

"ரெண்டாயிரம் வெள்ளி கன்சோல்ல ஓடுறது
இதுலயும் ஓடும்" என்கிறேன்.
பொய் இல்லை.
நம் கடை இணையத்தில் மான் மாதிரி ஓடும்.
வாங்கியவர் வீட்டில் என்ன கதி என்று எழுத
ரசீதில் இடமில்லை.

பந்தாய் டாலாம், பதினாறாம் மாடி, லோகேந்திரன்.
இரவு ஒன்பதுக்கு அடுக்குமாடி முழுதும்
ஒரே குழாயில் வாய் வைக்கிறது.
சீரியல், டிக்டாக், மேல்வீட்டுப் பந்தாட்டம்.
அவன் சுடுகிறான்.
குண்டு ஜொகூர் போய்த் திரும்புவதற்குள்
செத்துக் கிடக்கிறான்.
"அமுக்குனது நானு, செத்தது நானு.
நடுவுல யாருக்கா வெளையாடுறது?"
பதிலுக்கு ஒரு வயர் விற்றேன்.
பதினெட்டு வெள்ளி.

நாலு மணி மழையில் புகார் கூடும்.
மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று
நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.
"மேகத்துல ஓடுதுன்னு
நீங்கதானே சொன்னீங்க?" என்றார் ஒருவர்.

யுகனேஸ்வரி கதை வேறு.
செராஸில் இரவுப்பணித் தாதி.
வாரம் இரண்டு முறை சீருடையோடு வந்து
காட்சிக்கு வைத்த பெட்டியில், நின்றபடியே,
ஒரு தீவில் வீடு கட்டினார்.
அத்தாப்புக் கூரை, மூன்று கோழி, ஒரு பாத்தி கத்தரி.
சண்டை நடக்கும் கரைப் பக்கம் போனதே இல்லை.
நாலாவது வாரம், பணப்பையைத் திறந்தபிறகு,
"ஒரு மாசம் கட்டமுடியலன்னா
வீடு என்னம்மா ஆவும்?"
முப்பது நாள் வைத்திருப்பார்கள் என்றேன்.
"அப்புறம்?"
நான் கவுண்டரைத் துடைத்தேன்.
"வாடகை வீடு எனக்குப் பழக்கந்தான்.
அங்க டெப்பாசிட்டாவது திரும்ப வரும்."

கைநழுவிய விற்பனை, ஒன்று.
காரணம்: 'விலை' என்று போட்டிருக்கிறேன்.
படிவத்தில் அதற்குக் கிட்டத்தில்
வேறு காரணம் இல்லை.

ஆனாலும் விற்கும்.
சம்பள நாள் இரவு வந்து பாருங்கள்.
நேப்பாளக் காவலாளிகள் எட்டுப் பேர், ஒரே அறை, ஒரே பெட்டி.
ஆளுக்கு மூன்று வெள்ளி பன்னிரண்டரைக் காசு,
கணக்கை என் கால்குலேட்டரில்தான் போட்டார்கள்.
பகல் ஷிப்டு தூங்க, இரவு ஷிப்டு விளையாட.
படம் கட்டம் கட்டமாக உடைந்தால்
எட்டுப் பேரும் சேர்ந்து சிரிக்கிறார்களாம்.
இரண்டாயிரம் வெள்ளியை யாரும்
அவர்களிடம் கேட்கவில்லை என்பதே
அவர்களுக்குப் பாதி விளையாட்டு.
ஆகவே ஆங்கிலத்தில் எழுதியதும்
முழுப் பொய் அல்ல.

ஒரு வேண்டுகோள்.
காட்சிப் பெட்டியின் சந்தா திங்கட்கிழமை முடிகிறது.
மறக்காமல் கட்டிவிடுங்கள்.
ஷட்டரை இறக்கியபின், வேலை நேரத்தில் அல்ல,
நான்தான் கோழிகளைப் பார்த்துக்கொள்கிறேன்.
கத்தரி காய்த்திருக்கிறது. பறிக்கவில்லை.
அது என்னுடையது இல்லை.
உங்களுடையதும் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

தீனி போடும் பட்டனை அமுக்கினால்
ஒரு கணம் ஒன்றும் நடப்பதில்லை.
கோழிகள் நிமிர்ந்து பார்க்கின்றன.
பிறகுதான் தானியம் விழுகிறது.