மூன்றாவது முறை நின்றபோது

களியல் தாண்டி, கடையாலுமூட்டுக்குப் போகிற ஏற்றத்தில்
ரோடு ரோலர் நின்றது.
மழை விட்டு இன்றுதான் வேலை,
அதற்குள் மூன்றாவது முறை.
முன் இரண்டு முறை போலவே
இரண்டு தரம் விக்கி,
வெள்ளையாய்க் கொஞ்சம் புகை துப்பி.

முன்னால் லாரி கொட்டிவிட்டுப் போன தார்ஜல்லி
ஆறிக்கொண்டிருந்தது.
ஆறினதன்மேல் உருளை ஏறினால்
அதற்குப் பெயர் சாலை அல்ல, கடலைமிட்டாய்.
காண்டிராக்டர் போனில்
என் பிறப்பைப் பற்றி விசாரித்தார்.

டீசல் இருந்தது, அரை டேங்க்.
குழாய் திறந்திருந்தது.
கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.
போன வாரம் மாற்றிய பில்டரில்
அழுக்கென்று சொல்ல
ஒரு கொசு.

காலையில் செய்ததையே செய்தேன்.
பில்டர் தலையில் காற்றுத் திருகைத் தளர்த்தி
கைப்பம்பை அமுக்கு, அமுக்கு.
முதலில் நுரை.
பிறகு இருமல் மாதிரி விட்டுவிட்டு டீசல்.
பிறகு குமிழில்லாமல் தேன்நிறத்தில் விரலில் வழியும்,
அப்போது இறுக்கணும்.
அடுத்து பம்பின் திருகு, அதற்கப்புறம் இன்ஜெக்டர் நட்டுகள்.
காலையில் இப்படித்தான் ஓடியது
இருபத்தைந்து நிமிடம்.
அதன் பிறகும் இப்படித்தான்,
இருபது.

காற்று எந்த வழியாக உள்ளே போகிறது?
உறிஞ்சுகுழாயின் மூட்டுக்கெல்லாம் கிரீஸ் அப்பினேன்.
செப்பு வாஷர்களைத் தார் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி
தண்ணீரில் போட்டு, மெத்தென்று ஆக்கி, மாட்டினேன்.
திரும்ப அமுக்கினேன்.
நுரை.
நுரைக்குப் பின்னாலும் நுரை.
காலையில் கேட்ட பேச்சை
இப்போது அது கேட்கவில்லை.

இந்த இடத்தில் லில்லிபாயைப் பற்றிச் சொல்லணும்.
தார்ச்சட்டி சுமப்பவள்.
வண்டி நிற்கும்போதெல்லாம்
மரச்சீனிக் கம்பொன்றை டேங்கில் விட்டு
நனைந்த அளவை நகத்தால் கீறிவைக்கச் சொல்லி
அவளுக்குக் காண்டிராக்டர் உத்தரவு.
நான் டீசல் விற்கிறேனாம்.
அவள் கம்போடு ஏறுகிறபோது
நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

மூன்றாவது முறை
அவள் ரப்பர் மூட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.
மெதுவாகத்தான் வந்தாள்.
கையைச் சேலையில் துடைத்தாள்.
மூடியைத் திருகினாள்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

நீண்ட ஒரு மூச்சு,
வெளியே அல்ல, உள்ளே.

"இது என்ன சத்தம்?"
"காலையிலயும் இப்பிடித்தான் சீறிச்சு, பாம்பு கணக்கா.
நீரு கேக்கலியா?"

கேட்கவில்லை.
நான் ஸ்பேனரோடு மறுகோடியில் இருந்தேன்.

மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.
நடுவில் ஊசிமுனை அளவு துளை இருக்கணும்.
இருந்த இடத்தில் மஞ்சளாய் ஒரு பொருக்கு.
இடவப்பாதி மழையில்
டேங்குக்குள் தண்ணீர் இறங்கிவிடுமே என்று
ரோட்டோர மரத்துச் சிரட்டையிலிருந்து
ரப்பர்பால் தொட்டு அடைத்த விரல்
என்னுடையது.

டீசல் இறங்க இறங்க
அந்த இடத்துக்குக் காற்று வந்தாகணும்.
வழியில்லை என்றால் டேங்க் ஏங்கும்,
எந்த நல்ல மூட்டிலும் வாய் வைத்து உறிஞ்சும்.
இரண்டு முறை வண்டியை ஓடவைத்தது
என் பதினான்காம் நம்பர் ஸ்பேனர் இல்லை.
என்னைத் திருடன் என்ற கம்பு.

"ஒரு ஊக்கு தா."
தோளிலிருந்து கழற்றித் தந்தாள்.
பொருக்கைக் கீறி எடுத்தேன்,
துளை வழியாக வானம் தெரிந்தது, கடுகளவு.

இரண்டு அமுக்கிலேயே நுரை நின்றது.
செல்ப் அடித்ததும் பிடித்துக்கொண்டது.
ஆறினது ஆறினதுதான்.
ஏழெட்டு அடி நீளத்துக்கு
எத்தனை தரம் ஏறியும் அது அமுங்கவில்லை,
பஸ் அந்த இடத்தில் இனி குலுங்கித்தான் போகும்.

"என்ன கோளாறு?" என்று கேட்டது போன்.
"காற்று" என்றேன்.
அதிகமா குறைவா என்று
அவர் கேட்கவில்லை.

லில்லிபாய் ஊக்கைத் துடைத்துக் குத்திக்கொண்டாள்,
கம்பை விட்டாள், எடுத்தாள்,
நகத்தால் கீறினாள்.