சுடாதது

அட்டைப்பெட்டி கிழிந்து
ஏழாம் வரிசையில் கொட்டிய கிரீம் பிஸ்கட்டை
விற்க முடியாது, திருப்பவும் முடியாது.
'எடுத்துட்டுப் போ' என்றார் சூப்பர்வைசர்,
சொந்தத் தோட்டத்து மாங்காயைத் தருவதுபோல.

ஷார்ஜாவில், அல் நஹ்தாவில்,
ஆறு பேர் படுக்கும் அறை.
அடுப்பு வைக்கக் கூடாது என்று
கதவுக்குப் பின்னால் மூன்று மொழிகளில் ஒட்டியிருக்கிறது.
தமிழில் இல்லை. புரியாமலும் இல்லை.
கெட்டில் ஒன்று உண்டு,
அதுவும் போன வாரம் புகைந்துவிட்டது.

ஆனால் இது ஆகஸ்ட்.
நீலப் புள்ளி வைத்த குழாயில்தான் வெந்நீர் வரும்.
மொட்டை மாடித் தொட்டி பகலெல்லாம் வெயில் குடித்து
ராத்திரி பத்துக்கும் ஆறாமல் கிடக்கும்.
ஊரே அடுப்பாக இருக்கும்போது
சுடாத பண்டம் ஒன்று செய்து பார்த்தால் என்ன?

பிஸ்கட்டை உறையோடு தரையில் போட்டுத்
தண்ணீர் பாட்டிலை அதன்மேல் உருட்டினேன்.
கண்ணாடிக் குவளையில் வரும் சீஸ் மூன்று கரண்டி.
(தீர்ந்ததும் குவளை டீ கிளாஸாகும்.
எங்கள் அறையின் பாத்திர வம்சம் மொத்தமும் அதுதான்.)
பிசைந்ததும் கருப்பாக,
மழை பெய்த செம்மண்ணுக்கு அக்கா மாதிரி இருந்தது.

இனி உருண்டை பிடிக்க வேண்டும்.
எனக்கா தெரியாது? லட்டு பிடித்த கை இது.
லட்டைச் சூட்டோடு பிடிக்கணும், ஆறினால் உதிரும்.
இது நேர் எதிர்.
உள்ளங்கை பட்டதும் இளகி
விரலிடுக்கில் வழிந்து முழங்கைக்கு நடந்தது.
மாரிவிக் முயன்றாள்.
ரோடு போட்ட ஆள்போலக் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

மேல் கட்டிலில் கோமா படுத்திருந்தாள்.
நேபாளத்தில் அது பெயர்,
வியாதி அல்ல என்று
முதல் மாதம் முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டேன்.
மீன் பிரிவில் வேலை.
ஹமூருக்கும் ஷேரிக்கும் கழுத்துவரை
பத்து மணி நேரம் ஐஸ் போர்த்திவிட்டு வந்து
எலுமிச்சைத் தோலால் விரல் விரலாகத் தேய்ப்பாள்.
தட்டு வாங்கினாலும் நம் கை படாமல் வாங்குவாள்.
எனக்குக் காய்ச்சல் வந்த இரவில் மட்டும்
நெற்றியில் ஈரத்துணி போட்டது யார் என்று
கண்ணைத் திறந்து பார்த்தேன்.
துணி இல்லை.

'இறங்கு கோமா' என்றேன்,
எனக்குத் தெரிந்த இந்தியில்.
'கை நாறும்' என்றாள்,
அவளுக்குத் தெரிந்த இந்தியில்.
'சாக்லேட்டுக்கு மூக்கு கிடையாது.'
அது எப்படி வாயில் வந்ததோ.

இறங்கினாள்.
எடுத்தாள், உருட்டினாள், வைத்தாள்.
ஒட்டவில்லை, வழியவில்லை.
கோலிக்குண்டு மாதிரி ஒன்று,
அதன் தங்கை மாதிரி இன்னொன்று.
நாங்கள் இருவரும் வேலையில்லாமல்
அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
அவள் எங்களைப் பார்க்கவில்லை.
காது மட்டும் சிவந்திருந்தது.

நீலக் குழாய் வெந்நீரில் கிண்ணத்தை உட்காரவைக்க
வெள்ளை சாக்லேட் மெல்ல மனம் மாறியது.
குளித்துவிட்டு வந்த மாரிவிக் குனிய,
'தள்ளு, ஒரு சொட்டு விழுந்தா திரிஞ்சிரும்!' என்று
தமிழிலேயே கத்திவிட்டேன்.
அவள் தள்ளி நின்றாள்.
முக்கி எடுத்தோம். இருபத்து மூன்று.
எண்ணும்போதே இருபத்திரண்டு.

மூன்று மணிக்குத் தாகம்.
ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.
யாருடையதோ வெங்காயத்துக்குப் பக்கத்தில் தட்டு.
ஒன்றில், ஆறுமுன்னே தொட்டிருக்கிறாள்,
வெள்ளையின்மேல் பெருவிரல் பதிந்திருந்தது.
கோடு கோடாக, சுழி சுழியாக, அத்தனை தெளிவு.

ஐஸில் ஊறிய விரலை
வருகைப் பதிவு மெஷின் தினமும் தெரியாது என்கும்.
துடைத்து வைப்பாள், ஊதி வைப்பாள், தெரியாது என்கும்.
பத்து நிமிடம் தாமதம் என்று
சூப்பர்வைசர் பேனாவால் எழுதுவார்.

இதை எடுத்துப்போய் அந்தக் கண்ணாடியில்
வைத்தால் என்ன என்று நினைத்தேன்.
பஸ் வருவதற்குள் இளகிவிடும்.

தின்றுவிட்டேன்.
கொஞ்சம் மீன் வாசம் இருந்தது,
பொய் சொல்ல மாட்டேன்.